செஃப் கிளஸ்டர்ல 2 நோட் சேத்தும் அப்லோட் ஸ்லோவாவே இருக்கு, எங்க முட்டுது?

டப்பா_டிஸ்க்:

வணக்கம் மக்களே. மூணு வாரமா சரியா தூக்கம் இல்ல, அதான் இங்க வந்து கொட்டுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

நாங்க ஓட்டுறது செஃப் (Ceph), பல சர்வரோட டிஸ்க சேத்து ஒரே ஸ்டோரேஜா ஆக்குற சாஃப்ட்வேர். 2020ல ஆக்டோபஸ் வெர்ஷன்ல போட்டது, அப்புறம் போன வருஷம் இருந்த இடத்துலயே பசிபிக்குக்கு அப்கிரேட் பண்ணோம். 6 நோட், நோடுக்கு 4 டிஸ்க், எல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்க் தான், எஸ்எஸ்டி ஒண்ணு கூட கிடையாது (பட்ஜெட் கேட்டப்ப சிரிச்சாங்க). டேட்டா பூல் 4+2 எரேஷர் கோடிங் (டேட்டாவ 4 துண்டா வெட்டி, 2 பாதுகாப்பு துண்டு சேத்து வைக்கிறது). உள்ள இருக்கிறது பெரும்பகுதி பேக்கப், பெரிய பெரிய ஃபைல். மீதி ஒரே ஒரு பக்கெட், டெலிவரி சலான ஸ்கேன் பண்ணி போடுறாங்க, ஒவ்வொரு சலானுக்கும் சுமார் 180 கேபில ஒரு படம், கூடவே 10 கேபில ஒரு தம்ப்நெயில். இப்போ அந்த பக்கெட்ல மட்டும் 6 கோடி ஆப்ஜெக்ட்.

ரெண்டு மாசம் முன்னாடி 84% ஆயிடுச்சு, ஒண்ணு ரெண்டு டிஸ்க் 85 தாண்டி நியர்ஃபுல் வார்னிங் வந்துடுச்சு. சரின்னு 2 நோட், 8 டிஸ்க் வாங்கி சேத்தோம். ரீபேலன்ஸ் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது. இடம் கெடச்சுது, ஆனா ஸ்பீடு? ஒரு இம்மி கூட ஏறல. காலைல ஒரு அப்லோட் 40-50 மில்லிசெகண்ட்ல முடியுது, மதியம் 2 மணி ஆனா 2 செகண்ட் 3 செகண்ட், சில நேரம் டைம்அவுட். ரேடாஸ் கேட்வே (அப்லோட வாங்கி செஃப்புக்குள்ள அனுப்புறது) 2 இருந்தத 4 ஆக்குனேன், ஒண்ணும் ஆகல. நெட்வொர்க் 10ஜி ரெண்டு பாண்ட் பண்ணது, அதுல 2 கிகாபிட் கூட ஓடல. சிபியு சும்மா இருக்கு.

மேனேஜர் இப்போ "இன்னும் 4 நோட் வாங்கலாமா"ன்னு கேக்குறார். வாங்கி அதுவும் வேல செய்யலன்னா என் தல போகும். இன்னொரு குழப்பம், புது டிஸ்க் எல்லாம் 52% தான் ரொம்பியிருக்கு, பழசு எல்லாம் 63%. பேலன்சர் ஆன்ல தான் இருக்கு, ஒவ்வொரு டிஸ்க்லயும் பிஜி (ப்ளேஸ்மெண்ட் குரூப், ஆப்ஜெக்ட்கள கொத்து கொத்தா பிரிச்சு டிஸ்க்ல வைக்கிற அலகு) எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணு தான். அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

—

மினிஐஓ_ரசிகன்:

ப்ரோ நான் சொன்னா அடிக்க வராதீங்க, செஃப்ப தூக்கி போட்டுட்டு வேற ஏதாச்சும் மாறிடுங்க. அது ஒரு லெவலுக்கு மேல ஸ்கேல் ஆகாது, நாங்களும் பட்டோம்.

—

பாதிராத்திரி_ஆன்கால்:

ஸ்கேல் ஆகாதா? 2015ல சேர்ன் (ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையம்) காரங்க 7,200 ஓஎஸ்டி (டிஸ்குக்கு ஒண்ணுன்னு ஓடுற செஃப் ப்ராசஸ்) வச்சு 30 பெடாபைட் அளவுக்கு டெஸ்ட் பண்ணி பாத்தாங்க. அங்க முட்டுனது டிஸ்க்ல இல்ல, எல்லா ஓஎஸ்டிக்கும் அனுப்புற ஓஎஸ்டி மேப் பெருசாகி மெமரிய தின்னது தான். இவர்கிட்ட இருக்கிறது 32 ஓஎஸ்டி தம்பி. இங்க முட்டுறது வேற எங்கயோ.

டப்பா, ஹெல்த் டீடெயில் அடிச்சு என்ன வருதுன்னு அப்படியே போடுங்க. முக்கியமா "லார்ஜ் ஓமேப் ஆப்ஜெக்ட்ஸ்"னு ஏதாவது இருக்கா, அதாவது ஒரே ஆப்ஜெக்ட்ல ஓமேப் (கீ-வேல்யூ குறிப்பு) அளவுக்கு மீறி சேந்திருக்கா? அந்த மதியம் 2 மணிக்கு எல்லா நோட்லயும் ஐஓஸ்டாட் (எந்த டிஸ்க் எவ்ளோ பிஸின்னு காட்டுறது) எடுத்துட்டு வாங்க. இன்னொண்ணு, அந்த பக்கெட்டுக்கு எத்தன ஷார்டு (பக்கெட்டோட ஃபைல் பட்டியல், அதாவது இண்டெக்ஸ், எத்தன துண்டா பிரிஞ்சிருக்கு), பக்கெட் இண்டெக்ஸ் பூல்ல எத்தன பிஜி, இந்த ரெண்டு நம்பர் வேணும்.

—

டப்பா_டிஸ்க்:

அண்ணே, லார்ஜ் ஓமேப் வார்னிங் இருந்துச்சு, 11னு காட்டுச்சு. எனக்கு முன்னாடி இருந்தவர் அத மியூட் பண்ணி வச்சிருந்தார், நான் இன்னிக்கு தான் எடுத்தேன் 🙈

ஷார்டு 11. இண்டெக்ஸ் பூல்ல பிஜி 8, ரெப்ளிகா 3.

ஐஓஸ்டாட் பாத்து ஆடிப்போயிட்டேன். 2.10க்கு எடுத்தேன். ஓஎஸ்டி 3, 11, 14, 17, 20, 22 இந்த ஆறும் 100% யூட்டில், ரைட் அவெயிட் நூத்துக்கணக்குல நிக்குது. மீதி எல்லாம் 15, 18, 12. புதுசா போட்ட எட்டும் கொறட்ட விட்டு தூங்குது. ஸ்லோ ஆப்ஸ் வார்னிங் வர்றப்பவும் இதே ஆறு நம்பர் தான் மாறி மாறி வருது, நான் டிஸ்க் தான் சாகப்போகுதுன்னு நெனச்சு 17ஐ மாத்த ஆர்டரே போட்டுட்டேன்.

டைனமிக் ரீஷார்டிங் (ஆப்ஜெக்ட் ஏற ஏற ஷார்டு எண்ணிக்கைய தானா கூட்டுறது) ஆஃப்ல இருக்கு. விசாரிச்சா, ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளி நேரத்துல தானா ரீஷார்ட் ஆரம்பிச்சு அப்லோட் எல்லாம் நின்னுடுச்சாம், அன்னிக்கே கோவத்துல ஆஃப் பண்ணிட்டாங்களாம்.

—

பாதிராத்திரி_ஆன்கால்:

டிஸ்க் ஆர்டர கேன்சல் பண்ணுங்க, அந்த பாவம் டிஸ்க் ஒரு தப்பும் செய்யல.

எப்படின்னா, ஒரு ஆப்ஜெக்ட் போடுறப்ப டேட்டா 32 டிஸ்க்லயும் அழகா பரவிடும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா "இந்த பக்கெட்ல இந்த பேர்ல ஒரு ஃபைல் இருக்கு"ங்கற குறிப்ப இண்டெக்ஸ்ல எழுதணும்ல, ஒவ்வொரு அப்லோடுக்கும் அத ரெண்டு தடவ எழுதும், ஆரம்பிக்கும்போது ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு. அந்த இண்டெக்ஸ் ஒவ்வொரு ஷார்டும் ஒரே ஒரு ரேடாஸ் ஆப்ஜெக்ட். உங்ககிட்ட மொத்தமே 11. அந்த 11ம் இருக்கிற பூல்ல 8 பிஜி தான், ஹேஷ் எப்படி விழுதுங்கறதப் பொறுத்து ஒரு பிஜில ரெண்டு மூணு ஷார்டு விழும், ஒண்ணு ரெண்டு பிஜி காலியாவே கெடக்கும். உங்களுக்கு ஆறுல விழுந்திருக்கு போல, அந்த ஆறு பிஜிக்கும் பிரைமரியா (தலைமை காப்பியா) இருக்கிற ஆறு டிஸ்க் தான் அதிகமா அடி வாங்குது. ஒரு பிஜிக்குள்ள வர்ற ரைட் வரிசையில தான் போகும், முந்த முடியாது. ரெப்ளிகா டிஸ்கும் எழுதி முடிச்சா தான் சரின்னு பதில் வரும்.

ரேஷன் கடைல அரிசி மூட்டை கூட்டிக்கிட்டே போறீங்க, பில் போடுறவர் ஆறு பேர் தான், அதுல ரெண்டு பேர் முன்னாடி தான் பாதி கூட்டம். 4 நோட் இல்ல, 40 நோட் வாங்குனாலும் அந்த க்யூ அப்படியே தான் நிக்கும்.

கணக்கும் பாருங்க. 6 கோடிய 11ஆல வகுத்தா ஷார்டுக்கு 54 லட்சத்துக்கு மேல. ஷார்டுக்கு 1 லட்சம் ஆப்ஜெக்ட்ங்கறது தான் டீஃபால்ட் கணக்கு, ஒரு ஓமேப்ல 2 லட்சம் கீ தாண்டுனாலே அந்த வார்னிங் வரும். அதுவும் டீப் ஸ்க்ரப் (டேட்டாவ முழுசா படிச்சு சரிபாக்குறது) ஓடும்போது தான் கண்டுபிடிக்கும். நீங்க அத மாதிரி 27 மடங்குல உக்காந்திருக்கீங்க, 7200 ஆர்பிஎம் டிஸ்க் மேல, செகண்டுக்கு 100-150 ரேண்டம் ஐஓ தர்ற டிஸ்க் மேல. காலைல 40 மில்லிசெகண்ட் வருதுன்றதே ஆச்சரியம் தான்.

மதியம் 2 மணிக்கு மட்டும் ஏன்? ஏதாவது ஸ்கிரிப்ட் அந்த பக்கெட்ட முழுசா லிஸ்ட் பண்ணுதா பாருங்க.

—

நெல்லை_நெட்வொர்க்:

அண்ணன் சொன்னதுல அந்த இண்டெக்ஸ் விஷயம் தான் ஏலே மனச உறுத்துது. ஹடூப் காலத்துலயும் இதே கதை தான், நேம்நோட் (ஃபைல் பட்டியல வச்சிருக்கிற சர்வர்) ஒவ்வொரு ஃபைலுக்கும் பிளாக்குக்கும் சுமார் 150 பைட் மெமரி வச்சுக்கும், சின்ன ஃபைல் கோடிக்கணக்குல போட்டா டேட்டாநோட்ல டெராபைட் டெராபைட்டா காலியா இருக்கும், நேம்நோட் மூச்சு முட்டி நிக்கும். ஃபேஸ்புக்ல ஹேஸ்டாக்னு (Haystack) ஒரு பட ஸ்டோரேஜ் எழுதி 2010ல பேப்பர் போட்டதும் இதுக்குத்தான், படம் ஒண்ணுக்கு ஒரு ஃபைல்னு வச்சா படத்த விட மெட்டாடேட்டாவ தேடுறதுக்கே டிஸ்க் ஓடுதுன்னு பெரிய ஃபைல்குள்ள படங்கள அடுக்கி வச்சாங்க.

—

டப்பா_டிஸ்க்:

கண்டுபிடிச்சுட்டேன்!! வேலைய விட்டு போன ஒரு பையன் எழுதுன கிரான் (நேரம் வச்சு தானா ஓடுற ஸ்கிரிப்ட்), தெனமும் மதியம் 2க்கு மொத்த பக்கெட்டையும் லிஸ்ட் பண்ணி எத்தன ஃபைல் இருக்குன்னு எண்ணி ஒரு மெயில் அனுப்புது. அந்த மெயில் யாருக்கு போகுதுன்னு பாத்தா அந்த பையனோட ஐடிக்கே, அது பவுன்ஸ் ஆகிட்டு இருக்கு. 6 கோடிய ஆயிரம் ஆயிரமா கேட்டு எண்ணி, யாரும் இல்லாத மெயில்பாக்ஸுக்கு அனுப்புது. நிறுத்திட்டேன். இன்னிக்கு 2 மணிக்கு 300 மில்லிசெகண்ட் தான். எண்ணிக்க தேவைன்னா பக்கெட் ஸ்டேட்ஸ்ல ஒரு செகண்ட்ல வருதே!

சரி, இப்போ ரீஷார்ட் பண்ணணும்னா எத்தன ஷார்டு வைக்கணும்? பிஜி எத்தன? அப்புறம் அந்த 52 - 63 கதை என்ன, அது இன்னும் புரியல.

—

ஓமேப்_ஓமப்பொடி:

நான் சொல்றேன், எனக்கும் இதே காயம் இருக்கு.

52 - 63 முதல்ல. ப்ளூஸ்டோர் (ஓஎஸ்டிக்குள்ள டிஸ்க்ல எழுதுற பகுதி) ஒரு குறைஞ்சபட்ச அளவுல தான் டிஸ்க்ல இடம் ஒதுக்கும். ஆக்டோபஸ் வரைக்கும் ஹார்ட் டிஸ்குக்கு அது 64 கேபி, பசிபிக்ல 4 கேபி ஆக்குனாங்க. ஆனா ஓஎஸ்டிய உருவாக்குன அன்னிக்கு என்ன இருந்துச்சோ அது தான் கடைசி வரைக்கும், அப்கிரேட் பண்ணா மாறாது. உங்க பழைய 24ம் 64ல இருக்கு, புது 8ம் 4ல இருக்கு. ஓஎஸ்டி ஸ்டார்ட் ஆகுறப்ப லாக்ல மின் அலாக் சைஸ்னு ஒரு வரி வரும், பாருங்க, ஹெக்ஸ்ல இருக்கும்.

இப்போ உங்க 10 கேபி தம்ப்நெயில எடுங்க. 4+2ல ஆறு துண்டு, ஒவ்வொரு துண்டும் 4 கேபி. பழைய டிஸ்க்ல ஒவ்வொரு துண்டுக்கும் 64 கேபி போகும், ஆக 384 கேபி. 10 கேபிக்கு 384! புது டிஸ்க்லயே எல்லாம் விழுந்தா 24 கேபி தான். 180 கேபி படமும் அப்படித்தான், துண்டு 48 கேபி, பழசுல 64ஆ போய் மொத்தம் 384, புதுசுல 288. பேலன்சர் பிஜி எண்ணிக்கைய தான் சமமாக்கும், உள்ள எவ்ளோ பைட் வீணா போகுதுன்னு அதுக்கு கவல இல்ல. அதான் ஒரே எண்ணிக்க பிஜி, வேற வேற சதவீதம். பேக்கப் ஃபைல் பெருசுங்கறதால அதுல இந்த சேதாரம் தெரியாது, இல்லன்னா வித்தியாசம் இன்னும் கேவலமா இருந்திருக்கும்.

அதாவது, நீங்க 2 நோட் வாங்குனதே பாதி இந்த ஓட்டைய ரொப்பத்தான். 3 கோடி சலான் கணக்கு போட்டா இந்த பக்கெட் மட்டும் பழைய டிஸ்க்ல 23 டிபி சொச்சம் தின்னிருக்கும், 4 கேபில 10 டிபிக்குள்ள அடங்கியிருக்கும்.

வழி: பழைய ஓஎஸ்டிய ஒரு நோட் ஒரு நோடா காலி பண்ணி அழிச்சு திரும்ப உருவாக்கணும். இப்போ 8 நோட் இருக்கு, 4+2க்கு 6 போதும், ஒண்ண வெளில எடுத்தா மீதில தாராளமா இடம் இருக்கு. அவசரப்படாதீங்க, மொதல்ல இண்டெக்ஸ முடிங்க.

—

பாதிராத்திரி_ஆன்கால்:

ஓமப்பொடி தெளிவா சொல்லிட்டாரு. நான் இண்டெக்ஸ் பக்கம்.

ஷார்டு: இன்னிக்கு கணக்குல 600 வேணும். வருஷத்துக்கு எவ்ளோ ஏறுதுன்னு தெரியாது, 10 கோடி வரைக்கும் போகும்னா 1009 வைங்க. பகா எண்ணா வைக்கிறது ஷார்டு ஷார்டா சமமா பிரிய உதவும், அதான் இந்த வேடிக்கையான நம்பர். ரொம்ப ஏத்தியும் வைக்காதீங்க, வரிசையா லிஸ்ட் கேட்டா ஒவ்வொரு தடவையும் எல்லா ஷார்டையும் கேட்டு தான் அடுக்கி தரும், அந்த கிரான் மாதிரி இன்னொண்ணு யாராச்சும் எழுதுனா 1009 கதவையும் தட்டும்.

இண்டெக்ஸ் பூல் பிஜி: 64 ஆக்குங்க. உங்க பிஜி கணக்குல அது ஒண்ணும் பெரிய சுமை இல்ல. அந்த பூலுக்கு குறைஞ்சபட்ச பிஜியையும் (pg_num_min) 64னு செட் பண்ணிடுங்க, இல்லன்னா ஆட்டோஸ்கேலர் "இதுல டேட்டாவே இல்லயே"ன்னு திரும்ப கொறச்சு வச்சுட்டு போயிடும்.

அப்புறம் எஸ்எஸ்டி. 4 நோட் வாங்குற காசுல பத்துல ஒரு பங்கு கேளுங்க, நோடுக்கு ஒண்ணுன்னு 4 நோட்ல ஒரு என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி, இண்டெக்ஸ் பூல அதுக்கு மாத்துங்க. கடைல கெடைக்கிற டெஸ்க்டாப் எஸ்எஸ்டி வேணாம், கரண்ட் போனா காப்பாத்துற கெபாசிட்டர் இல்லாதது சிங்க் ரைட்ல படுத்துடும், ஹார்ட் டிஸ்கே தேவலைன்னு ஆயிடும்.

இங்க ஒரு பள்ளம் இருக்கு கவனம்: உங்க டேட்டா பூலோட க்ரஷ் ரூல் (எந்த டிஸ்க்ல போடணும்ங்கற விதி) எச்டிடி கிளாஸ்னு குறிப்பா சொல்லுதா பாருங்க. எஸ்எஸ்டி இல்லாத காலத்துல போட்டதுன்னா சொல்லாது. அப்படியே எஸ்எஸ்டிய சேத்தா சலானும் பேக்கப்பும் அதுல வந்து ஏறும். சரி ரூல மாத்திடலாம்னு சும்மா மாத்துனா ஐடி மாறி மொத்த டேட்டாவும் எடம் மாற ஆரம்பிக்கும். க்ரஷ்டூல்ல ரீகிளாசிஃபைனு ஒண்ணு இருக்கு, அதால மாத்துனா அசையாது. மொதல்ல மேப்ப எடுத்து வெளில வச்சு கம்பேர் பண்ணி பாத்துட்டு தான் உள்ள ஏத்தணும்.

—

டப்பா_டிஸ்க்:

ரூல்ல கிளாஸ் இல்லண்ணே, நல்லவேளை கேட்டேன். ஆனா ரீஷார்ட் ஓடுறப்ப ரைட் நிக்கும்ல? தீபாவளி கதை திரும்ப வந்தா நான் ஊருக்கே போயிட வேண்டியது தான்.

—

ஓமேப்_ஓமப்பொடி:

பசிபிக்ல அந்த பக்கெட்டுக்கு ரைட் நிக்கும், ஆமா. அதனால இப்படி பண்ணுங்க. புது பக்கெட் ஒண்ணு ஆரம்பத்துலயே தேவையான ஷார்டோட உருவாக்கி, அப்ளிகேஷன்ல இன்னிலேர்ந்து வர்ற சலான் அங்க போகட்டும். மாசத்துக்கு ஒரு பக்கெட்னு வச்சா இன்னும் நல்லது. எந்த சலான் எந்த பக்கெட்ல இருக்குன்னு டேட்டாபேஸ்ல ஒரு காலம். அப்புறம் பழைய பக்கெட்டுக்கு யாரும் எழுத மாட்டாங்க, படிக்க மட்டும் தான், ராத்திரி நிதானமா ரீஷார்ட் விடுங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம் டைனமிக் ரீஷார்டிங்க ஆன் பண்ணுங்க, முன்னாடியே ஆன் பண்ணா அது பாட்டுக்கு பட்டப்பகல்ல பழைய பக்கெட்ட புடிச்சு ஆரம்பிச்சுடும்.

முடிஞ்ச மறுநாள் எனக்கு நடந்தத சொல்றேன். பழைய இண்டெக்ஸ அழிக்கிறப்ப ராக்ஸ்டிபில (ஓஎஸ்டிக்குள்ள இந்த கீயெல்லாம் வச்சிருக்கிற டேட்டாபேஸ்) அழிச்ச அடையாளம் கோடிக்கணக்குல தங்கிடும். கீ போயிருக்கும், ஆனா தேடுறப்ப அத்தனை கல்லறையையும் தாண்டித்தான் போகணும். எங்க இடத்துல ரெண்டு ஓஎஸ்டி பதில் சொல்லாம டவுன் ஆகி, எந்திரிச்சு, திரும்ப டவுன் ஆகி, காலைல 6 மணிக்கு மூணு பேர் கால்ல இருந்தோம். ஒவ்வொரு ஓஎஸ்டியா காம்பாக்ட் (அந்த அடையாளத்த எல்லாம் கூட்டி தள்ளுறது) விட்டதும் தான் அடங்குச்சு. ஒண்ணு முடிஞ்சு அடுத்தது, எல்லாத்தையும் ஒரே நேரத்துல விட்டுடாதீங்க.

—

மினிஐஓ_ரசிகன்:

நான் வாபஸ் வாங்குறேன். எங்களதும் 11 ஷார்டா இருந்திருக்குமோன்னு இப்போ தோணுது 😅

—

டப்பா_டிஸ்க்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ஆடிட் வந்துடுச்சு நடுவுல.

மேனேஜர் கிட்ட அந்த ஆறு டிஸ்க் 100%, மீதி 15% படத்த பிரிண்ட் எடுத்து மேசைல வச்சேன், பேசவே தேவைப்படல, எஸ்எஸ்டி நாலும் அடுத்த நாளே ஓகே. ரீகிளாசிஃபை பண்ணி, எஸ்எஸ்டி சேத்து, இண்டெக்ஸ் பூல அங்க நகத்துனேன். அது நகந்த அன்னிக்கே அப்லோட் 25 மில்லிசெகண்டுக்கு வந்துடுச்சு, 11 ஷார்டு இருக்கும்போதே. அப்ளிகேஷன் டீம் மாசாந்திர பக்கெட்டுக்கு ஒரு வாரம் முணுமுணுத்துட்டு மாத்தி குடுத்தாங்க. போன சனிக்கிழம ராத்திரி 11க்கு பழைய பக்கெட்ட 601க்கு ரீஷார்ட் விட்டேன், இனிமே அதுல ஏறாதுங்கறதால 1009 வேணாம்னு. விடிகாலை 4.40க்கு முடிஞ்சுது. காம்பாக்ட் ஒண்ணொண்ணா விட்டேன், ஒரு ஓஎஸ்டி கூட விழல. ஓமப்பொடி அண்ணே, அந்த 6 மணி கால் எனக்கு வராம காப்பாத்துனதுக்கு ஊர் பக்கம் வந்தா டிபன் என் செலவு.

ஒண்ணு மட்டும்: எல்லாம் முடிஞ்சும் லார்ஜ் ஓமேப் வார்னிங் இன்னும் 11னே காட்டுது. ஏதாவது மிச்சம் இருக்கா?

—

பாதிராத்திரி_ஆன்கால்:

மிச்சம் இருக்க வாய்ப்பு கம்மி. ஸ்டேல் இன்ஸ்டன்ஸ் லிஸ்ட் (ரீஷார்டுக்கு அப்புறம் அழியாம மிஞ்சுன பழைய இண்டெக்ஸ்) ஒரு தடவ பாத்துக்கோங்க. வார்னிங் போன டீப் ஸ்க்ரப்ல எண்ணுன பழைய கணக்கு, அடுத்த டீப் ஸ்க்ரப் வரைக்கும் அப்படியே நிக்கும், டீஃபால்ட்ல அது வாரத்துக்கு ஒரு தடவ. இண்டெக்ஸ் பூல் பிஜிக்கெல்லாம் நீங்களே டீப் ஸ்க்ரப் விடுங்க. தயவு செஞ்சு மியூட் மட்டும் பண்ணாதீங்க.

—

டப்பா_டிஸ்க்:

விட்டேன், போயிடுச்சு. ஹெல்த் ஓகே, பச்சை. நான் சேந்ததுலேர்ந்து இந்த ஸ்கிரீன்ல பச்சை பாத்ததே இல்ல, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன்.

இப்போ பழைய நோட்ல மொதலாவது காலி ஆகிட்டு இருக்கு, 4 கேபில திரும்ப உருவாக்க. இன்னும் அஞ்சு இருக்கு.